இன்ஸ்பெக்டரின் முட்டைகள்

மார்ச் 1, ஞாயிறு

அடையில் உட்கார்ந்திருந்த கோழியை அண்ணன் அறுத்து, தன் மேனேஜருக்கு ஆக்கிப் போட்டுவிட்டான்.

கோபத்தில் கூட்டிச் சொல்லவில்லை. நடந்தது இவ்வளவுதான். காலையில் தோழி ஒருத்தியைப் பார்க்கப் போயிருந்தேன். மத்தியானம் திரும்பினால் வாசலில் ஒரு வெள்ளைக் கார். கொல்லைப்புறத்தில் கூடை கவிழ்ந்து கிடந்தது. தண்ணீர்த் தொட்டியோரம் ஈர இறகுகள். கறுப்பில் செம்புள்ளி. அந்த நிறம் எங்கள் வீட்டில் ஒருத்திக்குத்தான் உண்டு.

அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தவள் நான். காலையில் கூடையைத் திறந்ததும் கொல்லையை ஒரு சுற்று வருவாள். வாளிக்குள் எட்டிப் பார்ப்பாள், செருப்பைக் கொத்திப் பார்ப்பாள், எதிலும் திருப்தி இல்லாமல் நகர்ந்துவிடுவாள். குஞ்சாக வாங்கிவந்து நான் வளர்த்தது. அடுத்த வீட்டுச் சேவல் மதில் ஏறி வந்து போனதில் பதினோரு முட்டை சேர்ந்தது. போன ஞாயிறு அதன்மேல் உட்கார்ந்தவள், தின்பதற்கு மட்டும் எழுந்தாள்.

"சொல்லாம கொள்ளாம வந்துட்டாங்கடி," என்கிறாள் அம்மா. "பெர்மனென்ட் பண்ற நேரம். வெறும் காப்பியக் குடுத்தா அனுப்பறது?"

அண்ணன் வேலை பார்க்கும் கிடங்கில் மூன்று வருடமாக அந்த நேரம்தான் நடந்துகொண்டிருக்கிறது.

பரிமாறச் சொன்னார்கள். பரிமாறினேன். அண்ணன் தன் வீட்டில், தன் நாற்காலிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தான். மேனேஜர் ஒரு துண்டைக் கடித்து, மென்று, மென்று, மென்று, "கொஞ்சம் நார்நாரா இருக்கே" என்றார். அடைக்கோழி ஒழுங்காகத் தின்னாது. உடம்பில் என்ன இருக்கும்? பாதியைத் தட்டிலேயே ஒதுக்கிவிட்டுக் கை கழுவினார். அண்ணன்தான் துண்டு எடுத்துக் கொடுத்தான்.

கார் போனபிறகு கூடையை நிமிர்த்தினேன். வைக்கோலில் முட்டைகள் அப்படியே. தொட்டேன். இன்னும் ஒரு சூடு இருந்தது.

"அத என்ன பண்ணப் போற? உடைச்சு ஊத்து," என்றான் அண்ணன், பல்குத்திக்கொண்டே.

போர்வையில் சுற்றி இரண்டு சுடுதண்ணீர் பாட்டிலுக்கு நடுவில் வைத்திருக்கிறேன்.

அடையிலிருக்கும் கோழி ஓடாது. கையை நீட்டினாலும் ஓடாது, தூக்கினாலும் ஓடாது. அவனுக்கு அது வசதியாக இருந்திருக்கும்.

மார்ச் 2, திங்கள்

பெட்டி தயார்.

மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, ஃபேன் ரிப்பேர் செய்யும் கடையில் கவுன்ட்டரில் உட்காருவது என் வேலை. ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராதவர்களின் பொருளுக்கென்று கடைக்குள் ஒரு தட்டு இருக்கிறது. அதிலிருந்து ஒரு சின்ன ஃபேனும் ஒரு தெர்மோஸ்டாட்டும் கேட்டேன். சூடு ஏறினால் பல்பை அணைக்கும், இறங்கினால் போடும், அவ்வளவுதான் அதன் வேலை.

"என்ன, கோழிக்கு ஏசி போடறியா?" என்றார் மெக்கானிக்.

"ஹீட்டர்ண்ணே. முட்டைக்கு."

"எங்க வீட்ல முட்டைய ஃப்ரிட்ஜ்ல வைப்போம். உங்க வீட்டுப் பழக்கமே தனி." சொல்லிவிட்டு அரை மணி நேரம் தேடி, வேலை செய்யாத தெர்மோஸ்டாட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வேலை செய்வதை நானே தேடி எடுத்தேன், ஃபேனையும்.

மீன்கடையிலிருந்து தெர்மாகோல் பெட்டி. மூன்று தடவை சோப்புப் போட்டும் வாடை போகவில்லை. பெரிய அலைச்சல் பல்புக்குத்தான். பழைய குண்டு பல்பை யாரும் வைத்திருப்பதில்லை. "அது பூரா சூட்டுலயே போயிடும்மா, எல்இடி வாங்கிக்க" என்று மூன்று கடையில் எனக்குப் புத்தி சொன்னார்கள். எனக்கு வேண்டியதே அந்தச் சூடுதான் என்று மூன்று கடையிலும் விளக்கினேன். நாலாவது கடையில் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்கள்.

என் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். ஒரு கிண்ணம் தண்ணீர், மூடியில் காற்றுத் துளையும் எட்டிப் பார்க்க ஒரு கண்ணாடித் துண்டும், உள்ளே தெர்மாமீட்டர். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் வட்டம். உள்ளே ஒட்டிப்போகாமல் இருக்க மூன்று வேளையும் திருப்ப வேண்டும், திருப்பினோமா இல்லையா என்று தெரிய. இன்ஸ்பெக்டருக்குக் கோடும் வட்டமும் தேவைப்படவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

முப்பத்தைந்து டிகிரி. நாற்பது. முப்பத்தாறு. பெட்டிக்கே காய்ச்சல் கண்டதுபோல. ஃபேனைப் பல்புக்குப் பின்னால் மாற்றினேன். சாயங்காலம் முப்பத்தேழரையில் நின்றது. நின்றுவிட்டது! கட்டிலுக்கடியில் படுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 4, புதன்

ஜன்னலை அடைத்துவிட்டு, போன் டார்ச்சை முட்டைக்கடியில் பிடித்துப் பார்த்தேன். உயிரிருந்தால் உள்ளே சிவப்பு நரம்பு சிலந்திபோலக் கால் விரித்திருக்கும். நடுவில் ஒரு புள்ளி துடிக்கும்.

எட்டில் துடித்தது. இரண்டில் ஒன்றுமே இல்லை, அவை எப்போதுமே வெறும் முட்டைதான். ஒன்றில் நரம்பெல்லாம் சுருங்கி ஒரு சிவப்பு வளையமாக நின்றுவிட்டிருந்தது. அது செத்தது எப்போது என்று எனக்குத் தெரியும். மேனேஜர் கை கழுவிக்கொண்டிருந்த நேரம்.

அண்ணன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். "என்ன, ஸ்கேனா? ஆணா, பொண்ணா?"

"பொண்ணுன்னா சொல்றேன், உங்க மேனேஜருக்குக் கறி ஆக்கலாம்."

அம்மா சிரிக்கவில்லை. "வாயப் பாரு இவளுக்கு," என்றாள். அவன் வாயை இதுவரை யாரும் பார்த்ததில்லை. அது எப்போதும் "சார்" என்ற வடிவத்திலேயே திறந்து கிடக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

அம்மா சுவிட்சை அணைத்துவிட்டாள்.

வேண்டுமென்று இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அம்மாவுக்குப் பொறுக்காது. கூட்டிக்கொண்டே வந்தாள், கட்டிலுக்கடியில் வெளிச்சம், கை சுவரில் போயிற்று. சாப்பாட்டுக்கு வந்து நான் பார்த்தபோது இருபத்தெட்டு.

"பட்டப்பகல்ல எதுக்குடி லைட்டு?"

"அது லைட்டு இல்லம்மா! எத்தன தடவ சொல்றது? அது லைட்டு இல்ல, அது லைட்டு இல்ல—"

"நான் என்ன பாத்துட்டா பண்ணேன்? கை தன்னால போயிடுது. வாழ்நாள் பூரா அணைச்ச கை."

உண்மைதான். அண்ணன் அறையில் ஃபேன், டிவி, சார்ஜர் எல்லாம் ஓடவிட்டுப் போவான், அம்மா பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக அணைப்பாள். அந்த வேலையை அவள் இத்தனை வருடம் ஒரு வார்த்தை பேசாமல் செய்தாள். என் பெட்டி என்றதும்தான் கை தன்னால் போகிறது.

சுவிட்சின்மேல் டேப் ஒட்டினேன். ராத்திரி டார்ச் பிடித்துப் பார்த்ததில் ஏழு அசைந்தது. எட்டாவதை மூன்று முறை திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை. அம்மா கதவோரம் நின்றிருந்தாள். "எத்தன?" என்றாள். "ஏழு." போய்ப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 7, சனி

மத்தியானம் வந்தபோது எல்லா முட்டையும் வட்டம் மேலே இருந்தது. நான் காலையில் கோடு மேலே வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

"எனக்கு வேற வேல இல்ல பாரு," என்றாள் அம்மா, நான் எதுவும் கேட்பதற்கு முன்பே.

மார்ச் 9, திங்கள்

அண்ணன் மேனேஜரிடம் போனில் பேசும்போது எழுந்து நிற்பான். கழிவறையில் இருந்தாலும் நிற்பான் என்றுதான் நினைக்கிறேன். இன்றைக்குக் கூடத்தில் நின்றான்.

"ஆமா சார். நானே செஞ்சதுதான் சார். சும்மா ஒரு ஹாபி சார். பல்பு, தெர்மோஸ்டாட் எல்லாம் வச்சு... தேங்க்ஸ் சார். பாப்பாவுக்கா சார்? கண்டிப்பா சார்."

என் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். மேனேஜரின் மகள் குஞ்சு பொரிப்பதை நேரில் பார்த்ததில்லையாம்.

"நீ செஞ்சியா?"

"அவருக்கு எதுக்குடி அந்த டீடெய்லெல்லாம்?"

"'தங்கச்சி செஞ்சது'. ரெண்டு வார்த்த. அது டீடெய்லா?"

"உனக்கு என்ன, பாராட்டு வேணுமா? எனக்கு வேல பெர்மனென்ட் ஆனா இந்த வீட்டுக்குத்தான நல்லது? மூணு வருஷத்துல இன்னைக்குத்தான் அவரு என்கிட்ட வேல பத்தி இல்லாம வேற ஏதோ பேசியிருக்காரு. தெரியுமா உனக்கு?"

தெரியாது. தெரிந்து என்ன செய்ய? ஒரு ஆள் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு "நார்நாரா இருக்கு" என்று சொன்னதை இவன் அலுவலகத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். "சார் ரொம்ப ஓப்பனாப் பழகுவார்" என்று.

ஹாபி! காலை, மதியம், ராத்திரி முட்டை திருப்பும் கை என்னுடையதும் அம்மாவுடையதும். ஹாபி இவனுடையது.

மார்ச் 12, வியாழன்

இனிமேல் திருப்பக் கூடாது. திறக்கவும் கூடாது.

உள்ளே ஈரத் துணி வைத்து, தண்ணீரை நிரப்பி மூடினேன். மூடியில் மார்க்கரால் பெரிதாகத் 'திறக்காதே' என்று எழுதினேன். அண்ணனை உட்காரவைத்துச் சொன்னேன். குஞ்சு ஓட்டைக் குத்தி வெளியே வரும் நேரத்தில் பெட்டிக்குள் ஈரம் இருக்க வேண்டும். திறந்தால் ஈரம் போய்விடும். ஓட்டுக்குள் இருக்கும் சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அதற்குத் திரும்பக்கூட இடமிருக்காது, உள்ளேயே செத்துவிடும்.

"சரிங்க டாக்டர்," என்றான்.

"என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு."

"திறக்கக் கூடாது. போதுமா?"

மார்ச் 14, சனி, காலை

கத்துகிறது!

ஒரு முட்டையில் நெல்லுமுனை அளவு விரிசல். உள்ளேயிருந்து குரல். மூடியின் மேலிருக்கும் கண்ணாடித் துண்டு வழியாகப் பார்த்தேன், நகர்ந்து நகர்ந்து இடிக்கிறது. அம்மாவைக் கூப்பிட்டேன். கட்டிலுக்கடியில் எங்கள் இரண்டு பேர் தலையும். "இது ஓட்டுக்குள்ள இருந்தேவா கத்துது?" என்று அம்மா ரகசியம் பேசுவதுபோலக் கேட்டாள்.

சனிக்கிழமை கடையில் லீவு கிடைக்காது. போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

கடையில் கூட்டம், மத்தியானம் சாப்பிட வர முடியாமல் நாலு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தேன். கட்டிலுக்கடியில் ஒன்றுமில்லை. சுவிட்சின்மேல் நான் ஒட்டிய டேப் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணன் எடுத்துட்டுப் போயிட்டான்," என்றாள் அம்மா. முகத்தைப் பார்க்கவில்லை. "கொழந்த பாக்கணும்னு போன் வந்துச்சாம். நான் வேணாம்னுதான் சொன்னேன்."

"எப்படி எடுத்துட்டுப் போனான்?"

"வண்டிலதான். முன்னால வச்சுகிட்டு."

பைக்கில். பொரிந்துகொண்டிருக்கும் முட்டைகளை, பிளக்கைப் பிடுங்கி, பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் வைத்து, ஊருக்கு அந்தப் பக்கம். அம்மா வேண்டாமென்று சொன்னாளாம்! எனக்கு ஒரு போன் பண்ண அந்தக் கை தன்னால் போகவில்லை.

இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது பொழுது இறங்கியிருந்தது. பெரிய வீடு. கேட் திறந்துகிடந்தது. வெளியே நாலைந்து கார். வாசல் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பாட்டு, சிரிப்பு. வெளியே ஏசித் தண்ணீர் சொட்டும் சத்தம்.

கதவுக்கு வெளியே, செருப்பு வைக்கும் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தரையில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். மடியில் என் பெட்டி. வயர் ஒரு பக்கம் சும்மா கிடந்தது. சட்டையின் மேல் பட்டன் இரண்டைக் கழற்றி, உள்ளே ஒரு கையை விட்டு, முதுகை வளைத்துக் கூனி உட்கார்ந்திருந்தான். முதலில் நெஞ்சுவலி என்று நினைத்தேன்.

"உள்ள ரெண்டு வச்சிருக்கேன்," என்றான். "அது ரெண்டும்தான் அதிகமாக் கத்துச்சு. மத்தது பெட்டில இருக்கு. தொட்டுப் பாரு, ஜில்லுனு ஆயிடுச்சு."

அவனே சொன்னான். வந்ததும் வரவேற்பறையில் வைத்துப் பிளக் போட்டார்களாம். அந்தக் குழந்தை பத்து நிமிடம் பார்த்ததாம். திறந்து திறந்து பார்த்ததாம். "எப்ப வரும், எப்ப வரும்" என்று கேட்டு, அலுத்துப்போய் டிவி பார்க்கப் போய்விட்டதாம். அப்புறம் விருந்தாளிகள் வந்தார்களாம். மேனேஜரின் மனைவி, "என்ன இது, ஒரே மீன் வாடை, ரூமெல்லாம் பரவுது. கொஞ்சம் வெளிய வைங்களேன்" என்றாராம். "கொழந்த அப்புறமாப் பாக்கும், நீங்க இருங்க" என்றாராம். இருந்திருக்கிறான். செருப்புகளோடு.

"வெளியில பிளக் இல்ல?"

"இல்ல."

"கேக்க வேண்டியதுதான? ஒரு வயர் இழுத்துக் குடுங்கன்னு?"

"சாப்பிடறாங்க," என்றான். "சாப்பிடும்போது எப்படிக் கூப்பிடறது?"

எங்கள் வீட்டில் அந்த மனிதன் சாப்பிடுவதற்காக ஒரு உயிரை அடையிலிருந்து தூக்கினான். இங்கே சாப்பாட்டுக்கு நடுவில் காலிங்பெல்லைத் தொடக் கைவரவில்லை. நான் அடித்தேன். ரொம்ப நேரம் கையை எடுக்காமல் அடித்தேன். வேலை செய்யும் அம்மா ஒருத்தி ஜன்னலைத் திறந்து, "சாப்பாடு முடியட்டும்மா, அப்புறம் வரச் சொல்றாங்க" என்றுவிட்டுச் சாத்தினாள்.

தெருமுக்கில் ஒரு டீக்கடை. இரண்டு பாட்டில் சுடுதண்ணீர் வாங்கிப் பெட்டிக்குள் வைத்தேன். பைக்கை அங்கேயே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம். பெட்டி என் மடியில். இரண்டு முட்டை அவன் சட்டைக்குள்.

பாதி வழியில், "உள்ள கத்துதுடி," என்றான்.

"அம்மாவக் கூப்பிடுது. நீதான அறுத்த, நீயே பதில் சொல்லு."

குத்துவதற்காகத்தான் சொன்னேன். அவன் குனிந்து, சட்டைக்குள் பார்த்து, தொண்டைக்குள்ளேயே "க்கொ... க்கொ... க்கொ..." என்றான். இன்ஸ்பெக்டர் முட்டைமேல் உட்கார்ந்துகொண்டு போடும் சத்தம். அதே மாதிரி. அவன் அதை எப்போது கேட்டான்? அவனுக்குக் காது இருந்ததே எனக்குத் தெரியாது. உள்ளேயிருந்து பதில் வந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை மெதுவாக ஓட்டினார். வீடு வரும்வரை அண்ணன் நிறுத்தவில்லை.

அழகான காட்சி என்று நினைக்க மாட்டேன். சாத்தப்பட்ட கதவுக்கு வெளியே உட்காரவைத்தால்தான் இவனுக்கு ஒரு உயிரின் சத்தம் கேட்கிறது. பெரிய மனது.

இன்று காலை அவன் சட்டைக்குள் இருந்ததில் ஒன்று வந்தது. மத்தியானம் இன்னும் இரண்டு. மொத்தம் மூன்று.

நாலு வரவில்லை. இரண்டு ஓட்டைக் குத்தியபடியே நின்றுவிட்டன. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துச் சவ்வைத் தடவிப் பார்த்தேன். பிளாஸ்டிக் தாள் சுற்றினதுபோல இறுகிக் கிடந்தது. அம்மா ஒன்றை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள். "முழுசா இருக்குடி," என்றாள். "நகங்கூட இருக்கு." துவைக்கிற கல்லுக்குப் பின்னால் அவளே குழி தோண்டினாள்.

அண்ணன் ஜன்னலில் நின்று பார்த்தான். வெளியே வரவில்லை.

மார்ச் 16, திங்கள்

அண்ணன் போய் பைக்கை எடுத்துக்கொண்டு அப்படியே வேலைக்குப் போனான். மேனேஜர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். "என்னப்பா, சொல்லாமப் போயிட்டே?" என்றுகூடக் கேட்கவில்லையாம். அதைத்தான் குறையாகச் சொன்னான்! தான் போனதே அவருக்குத் தெரியவில்லை என்று இவனுக்கு இன்னும் விளங்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

மூன்று குஞ்சில் ஒன்று, கறுப்பில் செம்புள்ளி, அண்ணன் காலை விட்டு நகர மறுக்கிறது. அவன் நடந்தால் நடக்கிறது, நின்றால் நிற்கிறது. குளிக்கப் போனால் குளியலறைக் கதவில் நின்று கத்துகிறது. உள்ளேயிருந்து அவன் "க்கொ... க்கொ..." என்றால் அடங்குகிறது.

நான் தீனி போடுகிறேன், நான் தண்ணீர் மாற்றுகிறேன், நான் கழுவுகிறேன். அதற்கு அவன்தான் வேண்டும். ஆள் தேர்ந்தெடுக்கத் தெரியாத பிறவி.

மார்ச் 22, ஞாயிறு

அதற்குக் கான்ஸ்டபிள் என்று பெயர் வைத்திருக்கிறான். "இன்ஸ்பெக்டரோட ஆள்தான?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டேன். அந்தப் பெயரைச் சொல்ல இவனுக்கு என்ன உரிமை?

மார்ச் 24, செவ்வாய்

பெர்மனென்ட் அடுத்த மாதமாம்.

மார்ச் 27, வெள்ளி

சாப்பிடும்போது கேட்டேன். "இன்ஸ்பெக்டர அறுத்தது தப்புன்னு எப்பவாவது தோணுச்சா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அம்மா, "சாப்பிடற நேரத்துல எதுக்கு அதெல்லாம்?" என்றாள். இந்த வீட்டிலும் அந்த வீட்டிலும் ஒரே சட்டம். சாப்பிடும்போது எதுவும் கேட்கக் கூடாது.

கான்ஸ்டபிள் அவன் பாதத்தின்மேல் தூங்கிக்கொண்டிருந்தது. அவன் கால் மரத்துப்போயிருக்க வேண்டும். நகர்த்தவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

மத்தியானம் போன் வந்தது. அண்ணன் எழுந்து நின்றான். அவன் குதிகாலுக்குப் பின்னால் கான்ஸ்டபிளும் எழுந்து நின்றது. கையில் எண்ணெய் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தான். அதனால் எல்லோருக்கும் கேட்டது.

"நீ அனுப்பின வீடியோ பாத்தேன்ப்பா. பின்னாலயே வருதே, பிரமாதம். பாப்பா ஒரே அழுக, அதான் வேணுமாம். சாயங்காலம் கொண்டாந்து குடுத்துடு. அந்தப் பெட்டியெல்லாம் வேணாம், வாடை. குஞ்சு மட்டும் போதும்."

வீடியோ. போன தடவை படம், இந்தத் தடவை வீடியோ. மறுபடியும் இவனே போய்த் தட்டில் வைத்து நீட்டியிருக்கிறான்.

வாயைத் திறந்தான். வழக்கமான வடிவம். ஆனால் சத்தம் வரவில்லை. அம்மா அடுப்பை அணைத்தாள், கேட்பதற்காக. அந்தப் பக்கம், "ஹலோ? லைன்ல இருக்கியா?" என்றார்.

"கூப்பிடறேன் சார்," என்று சொல்லி வைத்துவிட்டான்.

இத்தனை வருடத்தில் அவன் முதலில் போனை வைத்து நான் பார்த்ததில்லை. அதற்காகப் பாராட்டப் போவதில்லை.

"அது போனா ரெண்டு நாள் தாங்காது," என்றேன். "பத்து நிமிஷம் வெளையாடிட்டு செருப்பு ஸ்டாண்டுக்குப் போகும். உனக்குத் தெரியாதா? நீ உக்காந்த எடம்தான?"

"எனக்குத் தெரியும்டி," என்றான்.

அவ்வளவுதான். கை கழுவினான். சட்டை மாட்டினான்.

இதை ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணன் வாசலில் பைக்கில் உட்கார்ந்திருக்கிறான். சாவி போட்டிருக்கிறான், இன்னும் கிளப்பவில்லை. அம்மா இரண்டு தடவை வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள். சட்டையின் மேல் பட்டன் இரண்டு கழன்றிருக்கிறது. உள்ளே கான்ஸ்டபிள், அந்த இடத்தில் துணி அசைகிறது. அவன் குனிந்து என்னவோ செய்கிறான். இங்கே கேட்கவில்லை, ஆனால் தொண்டை அசைவது தெரிகிறது.

மேனேஜர் வீட்டுக்குப் போகவும் அதே சட்டைதான். வீட்டுக்குள் திரும்பி வரவும் அதே சட்டைதான். கொண்டுபோய்க் கொடுக்கவா, வைத்துக்கொள்ளவா, எதற்காகப் பட்டனைக் கழற்றினான் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டேன். கத்தவில்லை, தெரு கேட்கவேண்டாம் என்று மெதுவாகத்தான் சொன்னேன். அவனுக்குக் கேட்டது. தலை நிமிர்ந்தது.

"அண்ணா, போன எடு. 'முடியாது சார்'னு சொல்லு. சாரையும் சேத்துக்கோ, பரவால்ல. ஒரே ஒரு தடவ. நான் இங்கயே நிக்கறேன். சொல்லு."